உத்தரத்தில் தொட்டில் கட்டிய பள்ளிக்கூடம்

போன மாதம் சங்கரன்கோவிலில் நடந்த ஆசிரியர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு சால்வை, ஒரு சோடா. பேசச் சொல்லவில்லை. நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருத்தி, புதிதாக வேலைக்கு வந்த பெண், எழுந்து தன் பள்ளி நிலவரத்தை வாசித்தாள். பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்களாம். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் அறியாமை' என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. அந்தப் பெண் மேல் கோபமில்லை, அவள் குழந்தை. அந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் கோபம். நான் வேலைக்கு வந்த காலத்திலும் இதையேதான் எழுதினார்கள். எழுத வசதியான வார்த்தை அது. எழுதுகிறவர் யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டாம், ஊரில் எந்தப் பெரிய மனிதரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். சபையில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். வயதானவள், பதமாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த கையோடு, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் ஜில்லா போர்டு பள்ளிக்கு உதவி ஆசிரியையாகப் போனேன். ஊர்ப்பெயர் வேண்டாம். நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம், அதற்குள் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். கட்டடம் அந்த ஊர்ப் பண்ணையாரின் அப்பா காலத்தில் கட்டிக் கொடுத்தது. போர்டு பள்ளி என்று பெயர்ப்பலகை சொன்னாலும், பூட்டுச்சாவி பண்ணையார் வீட்டு ஆணியில்தான் தொங்கும். காலையில் தலைமையாசிரியர் அங்கே போய் வாங்கி வருவார், சாயங்காலம் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார். இதிலிருந்தே மற்றதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனி மாதம் பள்ளி திறந்தபோது கூடம் நிறைந்திருந்தது. பண்ணை வீட்டுப் பேரன், பலசரக்குக் கடைக்காரர் பிள்ளைகள், சொந்த நிலம் உழுகிற சம்சாரிகள் வீட்டுப் பிள்ளைகள், ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வீட்டுப் பையன்கள், கூலிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஆணும் பெண்ணும். கீழ் வகுப்புகளில் பையன்களுக்குச் சமமாகப் பெண்கள் இருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. நல்ல ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அப்பாவுக்குக் கடிதம் கூடப் போட்டேன்.

தை கழிந்ததும் ஆட்டுக்கார வீட்டுப் பையன்கள் கிடையோடு வெளியூர் போய்விட்டார்கள். மழைக்குத் திரும்பி வருவார்கள், அது ஊர் அறிந்த வழக்கம், அவர்கள் பெயரைத் தலைமையாசிரியர் அடிக்கவே மாட்டார். மாசி பிறந்தது. பருத்தி வெடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை கூடத்துக்குள் நுழைகிறேன், கூலி வீட்டுப் பெண் பிள்ளைகள் ஒருத்திகூட இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. சிவப்பு மையால் அவர்கள் பெயரையெல்லாம் அடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியர்.

"இது வருஷா வருஷம் நடக்கதுதான் டீச்சர். இந்தச் சனங்களுக்கு எழுத்தோட அருமை தெரியாது. அறியாமை. நீங்க ஊருக்குப் புதுசு, மனச அலட்டிக்கிடாதிய" என்றார்.

பையன் ஆட்டோடு போனால் அது தொழிலாம். பெண் வராவிட்டால் அறியாமையாம். அப்போதே எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காரணம் தெரியாமல் கத்தினால் நாமும் அந்த மனிதரைப் போலத்தான் ஆவோம். அன்று மத்தியான இடைவேளையில் குடையை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன்.

முதலில் மாடத்தி வீட்டைத் தேடினேன். ஐந்தாம் வகுப்புப் பெண். அந்த ஊரில் கூலி வீட்டிலிருந்து ஒரு பெண் ஐந்தாம் வகுப்பு வரை வந்ததே அவள்தான் முதல். பங்குனிக் கடைசியில் ஆண்டுத் தேர்வு. அதில் தேறிவிட்டால் சங்கரன்கோவிலில் ஆறாம் வகுப்பு. அங்கே பூக்கட்டிப் பிழைக்கிற அத்தை வீடு இருந்தது, தங்கிப் படிக்கலாம் என்று அவளுடைய அம்மா பேச்சி ஐப்பசியிலேயே பேசி வைத்திருந்தாள். இப்படித் திட்டம் போட்டு வைத்திருந்த அம்மாவைத்தான் எழுத்தின் அருமை தெரியாதவள் என்கிறார் எங்கள் தலைமையாசிரியர்.

வீட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. என் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு கைப்பிள்ளை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் உடம்பில் பாதி இருக்கும் தம்பியைச் சுமந்துகொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். என்னைக் கண்டதும் எல்லாரும் குற்றம் செய்தவர்கள் மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ஏட்டி மாடத்தி, பள்ளிக்கூடம் ஏன் வரல?"

"தம்பிய யாரு பாக்க டீச்சர்?"

"ஏன், உங்கம்மை காட்டுக்குக் கொண்டு போகலாம்லா? ஓடைக்கரை மரத்துல தொட்டில் கட்டிப் போட்டுட்டு எல்லாரும் பருத்தி எடுக்கத்தான செய்தாவ?"

"முன்ன கொண்டு போவாவ. இப்பம் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாவ. தொட்டிலுக்குள்ள, பிள்ளைக்கு அடியில, பருத்திய ஒளிச்சுக் கொண்டாந்திருதாவளாம். அதனால பிள்ளையோட வந்தா காட்டுக்குள்ள கால வைக்கக் கூடாதாம். மத்தியானம் நாங்கதான் வரப்புக்குத் தூக்கிட்டுப் போயி பால் குடுத்துட்டு வருதோம்."

உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்லுகிறேன். எங்கள் பக்கம் காடு என்றால் பருத்தி விளைகிற புஞ்சை. பருத்தி எடுப்புக்குக் காசுக் கூலி கிடையாது. எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. பங்கு பிரித்துப் போடுகிறவர் பண்ணையின் கணக்கப்பிள்ளை. நாள் முழுக்க வெயிலில் குனிந்து எடுத்தவளை, பால்குடிப் பிள்ளையின் குண்டிக்கு அடியில் திருட்டுப் பருத்தி வைக்கிறவள் என்று பண்ணையார் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தத் தீர்ப்பு காட்டில் எழுதப்பட்டது, அதன் தண்டனையை என் வகுப்பறையில் இந்தப் பெண் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிடுங்கி அக்காள் இடுப்பில் வைத்தார்கள், அக்காளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கித் தெருவில் நிறுத்தினார்கள். பிறகு அறியாமை என்று எழுதிக்கொண்டார்கள்.

அங்கேயே நின்று முடிவு செய்தேன். "நாளைக்கு எல்லாரும் பிள்ளையத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கட்டி" என்றேன்.

தலைமையாசிரியரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. இதில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயந்த மனிதரிடம் போய் அனுமதி கேட்டால் கூடாது என்றுதான் சொல்லுவார். சொன்ன பிறகு செய்தால் கீழ்ப்படியாமை. சொல்லுவதற்கு முன்பே செய்துவிட்டால், அவருக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று மேலே சொல்லிக்கொள்ளலாம். எல்லா விஷயத்திலும் இப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் செய்யுங்கள்.

மறுநாள் என் பழைய சேலைகளைக் கொண்டுபோய்க் கிழித்து, கூடத்து உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில் கட்டினேன். தலைமையாசிரியர் சாவிக்கொத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், என்ன இது?"

"தொட்டில் சார்."

"அது தெரியுது. முதலாளி கேட்டா நான் என்னத்த சொல்ல?"

"பிள்ளைங்க தூங்குதுன்னு சொல்லுங்க சார்."

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்தான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்று அழுதால் எல்லாம் அழும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தரையைத் துடைப்போம். பண்ணை வீட்டுப் பேரன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். ஆனாலும் நடந்தது. மாடத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இறக்கி, தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டாள். கை சிலேட்டில் கணக்குப் போடும், கால் தம்பியை ஆட்டும். இரண்டே நாளில் எல்லாப் பெண்களும் அப்படியே செய்தார்கள். அந்தக் கூடத்தில் அத்தனை கால்களும் ஆடிக்கொண்டிருக்க, தலைகள் சிலேட்டின் மேல் குனிந்திருக்கும். மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு ஓடிப் பால் கொடுக்க வைத்து, அடுத்த மணிக்குத் திரும்பிவிடுவார்கள்.

பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. முதலில் கணக்கப்பிள்ளை வந்தார்.

"கண்ட பிள்ளை மூத்திரம் விழுத இடத்துலயா சின்ன முதலாளி உக்காந்து படிக்கணும்னு ஐயா கேக்காவ" என்றார்.

"துடைச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். கூடவே பண்ணையாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மனக்கணக்கு கொடுத்தார். பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். மாடத்தி எழுந்து விடையைச் சொன்னாள், சரியான விடை. எழுந்த வேகத்தில் கயிறு இழுபட்டு அவள் தம்பி விழித்துக்கொண்டு கத்தினான். அவள் நின்றபடியே காலை ஆட்டினாள். இன்ஸ்பெக்டர் விடையைக் கவனிக்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா? பதிவில் இல்லாத யாரும் பள்ளி நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. இன்றைக்கே அவிழ்க்க வேண்டும்."

"அவிழ்த்தால் இந்தப் பெண்கள் நாளைக்கு வர மாட்டார்கள் ஐயா. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது."

"வராவிட்டால் பெற்றோரைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?"

"பெற்றோர் எல்லாரும் இதோ இவர் காட்டில் இருக்கிறார்கள். பிள்ளையோடு அங்கே வரக் கூடாது என்றவரும் இவர்தான். நல்ல வார்த்தையை இவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள் ஐயா."

பண்ணையார் என்னைப் பார்க்கவில்லை, தலைமையாசிரியரைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும், தலைமையாசிரியர் பெஞ்சின் மேல் ஏறி, ஒவ்வொரு தொட்டிலாக அவிழ்த்தார். பெண்கள் பிள்ளைகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். மாடத்தி சிலேட்டை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

அன்று சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பும் பெண்களை வழியில் நிறுத்தினேன். பேச்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மடியில் பங்குப் பருத்தி, முகமெல்லாம் கரிசல் புழுதி.

"என்ன செய்யப் போறிய பேச்சியக்கா?"

"நீங்க என்ன செய்யப் போறிய டீச்சர்? அதச் சொல்லுங்க முதல்ல."

நியாயமான கேள்வி. மேலதிகாரிக்கு எழுதலாம் என்றேன். அந்த எழுத்து திரும்பி வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பேச்சி மேற்கே பார்த்தாள். மலைப்பக்கம் இரண்டு நாளாக மழைக் கருக்கல் கட்டிக்கொண்டிருந்தது. வெடித்த பருத்தி மழையில் நனைந்தால் கறுத்துப்போகும், சங்கரன்கோவில் கமிஷன் கடையில் ஒருவரும் தொட மாட்டார்.

"நாளைக்குப் பிள்ளையோட போறோம்" என்றாள். "விட்டா எடுக்கோம். விடலைன்னா வரப்புல உக்காந்திருக்கோம். மழைகிட்ட அவரே பேசிக்கிடட்டும்."

"நானும் வரட்டுமா? வந்தா உங்களுக்கு உபத்திரவமா?"

"வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. நீங்க பேசுனா, டீச்சர் தூண்டிவிட்டான்னு ஆயிரும். சும்மா நில்லுங்க. படிச்சவுக ஒராளு பாத்துக்கிட்டு நின்னா, அவரு வார்த்தைய கொஞ்சம் அளந்து விடுவாரு."

எனக்கு வாயைத் திறக்காமல் நிற்பதைப் போல் கஷ்டமான வேலை வேறில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. சில இடங்களில் நம் வேலை பேசுவதில்லை, சாட்சியாக நிற்பதுதான். எந்த இடம் எது என்று நாமே முடிவு செய்யக் கூடாது, அடிபடப் போகிறவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பள்ளி மணிக்கு முன்பாகவே காட்டுக்குப் போனேன். பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்திக்கொண்டிருந்தார். வேறு ஊர் ஆள் கொண்டுவருவேன் என்றார். வானம் அப்படி இருக்கும்போது எந்த ஊரிலும் ஆள் மிச்சமிருக்காது என்று அவருக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் பண்ணையார் வில்வண்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். வாயில் வந்ததை ஒரு தடவை விழுங்கினார். பேச்சி சொன்னது பலித்தது.

"என்னட்டி, களவாங்கதுக்குப் பிள்ளை வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிய போல?"

பேச்சி எழுந்தாள். கையிலிருந்த பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை உருவித் தரையில் போட்டாள். அரைஞாணைத் தவிர ஒன்றுமில்லாத அந்தப் பிள்ளையைத் தன் இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இந்தா பாருங்க முதலாளி. எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்? நீங்களே தடவிப் பாருங்க."

பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அடுத்தவளும் எழுந்து துணியை உருவினாள். பிறகு எல்லாரும். அம்மணமான பிள்ளைகள் வரிசையாக அவருக்கு முன்னால் கையாலும் காலாலும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. மேற்கே இடித்தது.

விட்டுக்கொடுத்தார். ஆனால் விட்டுக்கொடுத்ததாகத் தெரியக் கூடாதே. அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி, கொண்டு வாங்க. ஆனா தெனம் சாயங்காலம் ஒவ்வொருத்தியும் தொட்டில் சேலைய கணக்கப்பிள்ளை முன்னால உதறிக் காட்டிட்டுத்தான் போகணும்."

வாயைத் திறக்க மாட்டேன் என்ற வாக்கை நான் மீறப் போனேன். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லும் பார்வை. "சரி முதலாளி" என்றாள்.

தொட்டில்கள் ஓடைக்கரை உடைமரங்களுக்குப் போயின. அன்று மத்தியானத்துக்குள் என் பெண் பிள்ளைகள் இடுப்பு காலியாகக் கூடத்துக்குத் திரும்பினார்கள். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? ஒரு சாயங்காலம் காட்டுப்பக்கம் போய்ப் பார்த்தேன். பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையை இப்படியும் அப்படியும் உதறிக் காட்டுகிறார்கள். கணக்கப்பிள்ளை வெற்றிலை மென்றுகொண்டே, அடுத்தவள், அடுத்தவள் என்கிறார். ஒரு பொட்டுப் பருத்திகூட எந்தச் சேலையிலிருந்தும் விழவில்லை. விழவில்லை என்பதற்காக நிறுத்தவும் இல்லை. மாடத்தியும் பள்ளிவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள். தான் படிப்பதற்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டே படித்தவள் அவள்.

பரீட்சை முடிந்தது. ஐந்தாம் வகுப்பில் மாடத்திதான் முதல்.

ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தலைமை பண்ணையார். பேசியவர் இன்ஸ்பெக்டர். பருத்திக் காலத்திலும் பெண் பிள்ளைகள் நிற்காமல் வருகிற பள்ளி இந்தச் சுற்று வட்டாரத்தில் இது ஒன்றுதான், இதற்கு ஐயா அவர்கள் பெண் கல்வியில் காட்டும் அக்கறைதான் காரணம் என்றார். மாலை போட்டார்கள். அவரும் கழுத்தை நீட்டினார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்த பேச்சியைப் பார்த்தேன். அவள் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வகுப்பு முதல் பரிசு, பாவாடைக்குச் சீட்டித் துணி. மாடத்தி மேடை ஏறி, பண்ணையார் கையிலிருந்து வாங்கினாள். கும்பிட்டுவிட்டு இறங்குவாள் என்று எல்லாரும் கை தட்டத் தயாராக இருந்தார்கள். அவள் இறங்கவில்லை. மடிப்பைப் பிரித்தாள். துணியின் இரண்டு முனையையும் பிடித்து, அவர் முகத்துக்கு நேரே ஓங்கி உதறினாள். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை உதறினாள்.

"ஒண்ணும் ஒளிச்சு வைக்கல முதலாளி. நல்லாப் பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பந்தலுக்கு வெளியே யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்தவரிடம் என்னவென்று கேட்டார், ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஊரில் பேசினார்கள். அப்படிச் சொல்லிக் கொடுக்கிற அறிவு எனக்கு இருந்திருந்தால் நான் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பேன். அடுத்த மாதமே என்னைச் சிவகிரிப் பக்கம் மாற்றினார்கள். மாற்றல் வந்தால் உயிர் போய்விடாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அங்கேயும் பிள்ளைகள்தான் இருக்கும். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கிளம்புவதற்கு முன்பு பேச்சி மகளோடு பள்ளிக்கு வந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்க்க டி.சி. வேண்டும். அது இல்லாமல் சங்கரன்கோவிலில் சேர்க்க மாட்டார்கள். எழுதியாகிவிட்டது, தலைமையாசிரியர் கையெழுத்துதான் பாக்கி. அவர் பேனாவைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முதலாளி வீட்டுக்குப் போயி உன் மக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும் பேச்சி. கேட்டாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டாவ. சின்னப் பிள்ளை தெரியாமச் செஞ்சிட்டுன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தைதான்."

நான் எழுந்துவிட்டேன். பேச்சி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மன்னிப்பா சார்? நான் தெனம் சாயங்காலம் உதறுனேன்லா, அன்னைக்கு எவரு வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாவ? நீங்க கேட்டியளா?"

அவர் காதுமடல் சிவந்துபோயிற்று. என் பேனாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மடித்து நீட்டினார்.

பேச்சி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை. பிரித்து மகளிடம் கொடுத்தாள்.

"இவிய எழுதுனது சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாருட்டி. முழுசும் வாசி."

மாடத்தி முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை தலைமையாசிரியர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.